கணக்குக் கேட்பவன் யார்?

நகரசபையின் செலவுக்குக் கணக்குக் கேட்க முன்வரும் ஒருவரைப் பார்த்து, சபையின் பக்கத்திலிருந்து முதலில் எழும் கேள்வி பெரும்பாலும் ஒன்றே: “நீர் எவ்வளவு வரி கட்டுகிறீர்?” கேட்பவர் வீட்டுச் சொந்தக்காரராகவும், ஆதனவரிப் பற்றுச்சீட்டை எடுத்துக் காட்டக்கூடியவராகவும் இருந்தால் அவருக்கு ஓர் இருக்கை கிடைக்கும், பதில் கிடைக்குமா என்பது வேறு விடயம். அவர் வாடகை அறையில் வசிப்பவராக, வாய்க்காற் கரையிற் பலகை வீடு கட்டியிருப்பவராக, நடைபாதையில் வெற்றிலை விற்பவராக இருந்தால் அக்கேள்வியோடு உரையாடல் முடிந்துவிடும். இவ்வினாவை வெறும் அதிகாரச் செருக்கு என்று ஒதுக்கிவிட முடியாது. அதன் பின்னால் ஒரு தத்துவம் இருக்கின்றது. கேட்கப்படுபவர் மாத்திரமன்றிக் கேட்பவரும் பல சமயங்களில் அத்தத்துவத்தையே நம்பிக்கொண்டிருக்கின்றார் என்பதுதான் கவலைக்குரியது. “நான் கட்டும் வரிப்பணம்” என்றுதானே நாமும் வாதத்தைத் தொடங்குகின்றோம்!

அத்தத்துவத்தின்படி நகரம் ஒரு கம்பனி. வரியிறுப்பாளர் அதன் பங்காளிகள். பங்கு உள்ளவனே இலாப நட்டத்தைக் கேட்கலாம். தாராண்மைவாதச் சிந்தனையாளருள் தலைசிறந்தவர்களில் ஒருவரான ஜோன் ஸ்டூவர்ட் மில், பிரதிநிதித்துவ அரசாங்கத்தைப் பற்றி 1861 இல் எழுதிய நூலில், வரி விதிக்கும் சபையைத் தெரிவு செய்வோர் வரி செலுத்துவோராகவே இருத்தல் வேண்டும் என்று வாதிட்டார். தமது பையிலிருந்து எதுவுங் கொடாதவர் பிறர் பணத்தை வாரியிறைக்கவே விரும்புவர் என்பது அவர் காட்டிய நியாயம். மில் ஏழைகளை வெறுத்தவரல்லர். பெண்களுக்கு வாக்குரிமை கேட்டவர் அவர். ஏழையும் வாக்காளனாகவேண்டும் என்பதற்காகவே அவன்மீதும் சிறியதொரு நேர்வரியை விதிக்கலாம் என்று யோசனை கூறியவர். அத்தகைய நேர்மையாளர்கூடப் பணங் கொடுத்தலையும் கேள்வி கேட்டலையும் ஒரே முடிச்சிற் கட்டினார் என்றால், அம்முடிச்சு எத்துணை இறுக்கமானது என்பதை நாம் உணரலாம்.

அதனை அவிழ்க்க எளிய வழியொன்று இருப்பதாகத் தோன்றும். எல்லோரும் வரி கட்டுகின்றனர் என்று நிறுவிவிடுவதே அவ்வழி. அது உண்மையுங்கூட. வீட்டுச் சொந்தக்காரர் செலுத்தும் ஆதனவரி வாடகைக்குள் ஒளிந்திருக்கின்றது. ஆகவே குடியிருப்பவனே அதனைச் செலுத்துகின்றான். நீதிமன்றத் தண்டப்பணத்தில் ஒரு பகுதி உள்ளூராட்சிச் சபைகளுக்குப் போகின்றது. மத்திய அரசாங்கத்தின் மானியம் சபைகளுக்கு வருகின்றது. அம்மானியம் எங்கிருந்து வருகின்றது? பெறுமதி சேர் வரி 2024 ஜனவரியில் 18 சதவீதமாக்கப்பட்டபொழுது, சவர்க்காரக் கட்டி வாங்கும் கூலித் தொழிலாளியும் மாளிகைவாசியும் அக்கட்டிக்கு ஒரே வரியையே செலுத்தினர். ஆதலால், வரி கட்டாதவன் என்று ஒருவனும் இந்நாட்டில் இல்லை எனலாம்.

எனினும் இவ்விடையுடன் திருப்தியடைவது எனக்கு உடன்பாடில்லை. இது கேள்வியைத் தோற்கடிக்கவில்லை. அதற்குப் பணிந்து போகின்றது. “ஆம், பணங் கொடுத்தவனே கேட்கலாம், ஆனால் நானும் கொடுத்திருக்கின்றேன்” என்று சொல்பவன், உண்மையிலேயே எதுவுங் கொடாத குழந்தைக்கும், படுக்கையில் விழுந்த கிழவிக்கும், அடுத்த ஊரானுக்கும் கேட்கும் உரிமை இல்லை என்பதை ஒப்புக்கொண்டவனாகின்றான். அன்றியும், கொடுத்ததன் அளவுக்கு உரிமை என்றால் அதிகங் கொடுத்தவனுக்கு அதிக உரிமை என்பது அடுத்த படியாகும். நகரத்தின் பெரிய வர்த்தகக் கட்டடங்களின் சொந்தக்காரர் அப்படியைத்தான் நெடுங்காலமாக ஏறி நின்றுகொண்டிருக்கின்றனர்.

பழமையிலும் இம்முடிச்சு இருந்தது. நம்மவர் மேடைதோறும் எடுத்துக்காட்டிப் பெருமைப்படும் உத்தரமேரூர்க் கல்வெட்டுக்கள், முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919, 921 ஆம் ஆண்டுகளிற் பொறிக்கப்பட்டவை. ஊர்ச் சபையின் வாரியங்களில் இருந்து கணக்குக் காட்டாதவர் மீண்டும் குடவோலையிற் பெயர் இடப்படலாகாது என்றும், அவருடைய நெருங்கிய உறவினரும் இடப்படலாகாது என்றும் அவை விதிக்கின்றன. பதினொரு நூற்றாண்டுகளுக்கு முன் இத்துணைக் கண்டிப்பு இருந்தமை வியப்புக்குரியதே. மைத்துனரையும் மருமகனையும் ஒப்பந்தக்காரராக்கும் இன்றைய சபையினர் இதனைப் படித்தறிந்தால் நன்று. ஆனால் அக்கல்வெட்டையே மேலும் வாசித்தால், பெயர் இடப்படுவதற்குக் கால்வேலிக்கு மேல் இறைநிலமும், சொந்த மனையிற் கட்டிய வீடும், வேதக் கல்வியும் வேண்டும் என்பது தெரியவரும். அது பிராமணக் குடியிருப்பொன்றின் சபை. அந்நிலத்தில் உழுதவரோ, அவ்வேரியைத் தூர்வாரியவரோ அச்சபைக்குள் இல்லை. கணக்குக் காட்டும் அறம் அங்கு இருந்தது. யாருக்குக் காட்டுவது என்பதில் அது நின்றுவிட்டது. 1865 ஆம் ஆண்டின் கட்டளைச்சட்டத்தின்கீழ்த் தோன்றிய கொழும்பு மாநகரசபையும் சொத்துடையோரே வாக்களித்து அமைத்த சபையாகத்தான் பிறந்தது. சோழர் காலத்துக் கால்வேலிக்கும் விக்டோரியா காலத்து ஆதனப் பெறுமதிக்கும் இடையே நூற்றாண்டுகள் பல கழிந்தும் எண்ணம் பெரிதும் மாறவில்லை.

இம்முடிச்சின் பொய்ம்மையை நியாய நூல்களை விடத் தெளிவாகக் காட்டியது ஒரு குப்பைமேடு.

கொழும்பு நகரின் குப்பை நெடுங்காலம் நகரின் வடபகுதியில், புளூமெண்டாலிற் கொட்டப்பட்டு வந்தது. 2009 இல் அவ்விடம் மூடப்பட்டபின், அது கொலன்னாவையில் உள்ள மீதொட்டமுல்லவுக்குக் கொண்டுசெல்லப்பட்டது. தற்காலிக ஏற்பாடு என்றே சொல்லப்பட்டது. தற்காலிகம் என்ற சொல்லுக்கு நம் நிர்வாக அகராதியில் உள்ள பொருள் யாவரும் அறிந்ததே. நாளொன்றுக்குச் சுமார் 800 தொன் குப்பை அங்கே வந்து சேர்ந்தது. மேடு ஏக்கர் கணக்கிற் பரந்து, வீட்டுக் கூரைகளை மேவி உயர்ந்தது. சுற்றியிருந்த மக்கள் சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள் என்ற வேற்றுமையின்றி ஆண்டுக்கணக்கில் ஆட்சேபித்தனர், மறியல் செய்தனர், மனுக் கொடுத்தனர். 2017 ஏப்ரல் 14 ஆந் திகதி, சித்திரைப் புத்தாண்டு நாளன்று, அம்மேட்டின் ஒரு பக்கம் சரிந்து வீடுகளின்மேல் வீழ்ந்தது. நூற்றுக்கு மேற்பட்ட வீடுகள் புதைந்தோ சிதைந்தோ போயின. 30 க்கும் மேற்பட்டோர் மாண்டனர். பண்டிகைக்காகச் சமைத்த சோறு அடுப்பிலிருக்க வீட்டோடு மண்ணுள் போன குடும்பங்கள் உண்டு.

இங்கு மனங்கொள்ளத்தக்க செய்தி ஒன்று உளது. மீதொட்டமுல்ல கொழும்பு மாநகரசபையின் எல்லைக்குள் இல்லை. அது கொலன்னாவ நகரசபைக்குரிய பிரதேசம். அந்நகரசபையின் குப்பையும் அங்கே கொட்டப்பட்டதுண்டு. ஆயினும் மேட்டை மேடாக்கியது கொழும்பின் குப்பையே. அதனைக் கொண்டுபோய்க் கொட்டுவதற்கான செலவு கொழும்பின் வரவு செலவுத் திட்டத்திற் சேர்ந்தது. கேள்விப்பத்திரங்கள், ஒப்பந்தங்கள், லொறிகளின் எரிபொருள் யாவும் கொழும்பின் கணக்குப் புத்தகத்திற்கு உரியவை. அப்புத்தகத்தின் விளைவோ கொலன்னாவையில், கூரைமேல் நின்றது. விளைவைச் சுமந்தவர்கள் கொழும்புக்கு ஆதனவரி செலுத்துபவரல்லர். கொழும்பின் மேயரைத் தெரிவு செய்யும் வாக்கும் அவர்களிடம் இருந்ததில்லை. “நீர் எவ்வளவு வரி கட்டுகிறீர்?” என்ற கேள்விக்கு அவர்கள் சொல்லக்கூடிய நேர்மையான விடை, “ஒரு சதமும் இல்லை” என்பதே. பங்காளித் தத்துவத்தின்படி அவர்களுக்குக் கேட்பதற்கு ஒன்றுமே இல்லை.

அக்கணக்குப் புத்தகத்தில் ஒரு ரூபாவேனும் திருடப்படவில்லை என்று வாதத்துக்காக வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு லொறிக்கும் பற்றுச்சீட்டு இருந்தது, ஒவ்வொரு கையொப்பமும் உரியவருடையது, கூட்டற் பிழை எங்கும் இல்லை என்றே கொள்வோம். அப்பொழுதும் அக்கணக்கு நேர்மையான கணக்காகுமா? ஊழலைப் பற்றியே பேசிப் பழகிய நாம் இவ்விடத்திற் சற்றுத் தயங்கி நிற்றல் வேண்டும். கணக்குக் கேட்டல் என்றால் கள்வனைப் பிடித்தல் என்று சுருக்கிக்கொண்டோம். கள்வன் அகப்படாவிடின் விடயம் முடிந்தது என்று எழுந்துபோய்விடுகின்றோம். மீதொட்டமுல்ல மக்கள் கேட்டிருக்கவேண்டிய கேள்விகள் வேறு வகையின. இவ்விடத்தைத் தெரிவு செய்தவர் யார்? வேறெவ்விடங்கள் பரிசீலிக்கப்பட்டன, அவை எக்காரணத்தால் விலக்கப்பட்டன? குப்பையைத் தரம்பிரித்துக் குறைப்பதற்கு எவ்வளவு ஒதுக்கப்பட்டது, லொறி ஓட்டத்துக்கு எவ்வளவு? மேட்டின் உறுதியைச் சோதிப்பதற்கென ஒரு செலவினம் புத்தகத்தில் இருந்ததா? செலவு என்பது இலக்கத்தில் எழுதப்பட்ட தீர்மானமாகும். எவருடைய மூக்கருகே எதனைக் கொட்டுவது, எவருடைய தெருவுக்கு விளக்கு, எவருடைய தெருவுக்கு இருள் என்பன யாவும் அங்கேதான் தீர்மானிக்கப்படுகின்றன.

ஆகவே கணக்குக் கேட்கும் உரிமையின் வேரைக் கொடுத்த பணத்திலே தேடுவதை விட்டு, ஏற்ற விளைவிலே தேடவேண்டும் என்பது என் துணிபு. ஒரு தீர்மானத்தின் பாரம் எவன் முதுகில் இறங்குகின்றதோ, அவனுக்கு அத்தீர்மானத்தின் காரணத்தைக் கேட்கும் உரிமை உண்டு. இம்மானுவேல் காண்ட் 1795 இல் நிரந்தர அமைதி பற்றி எழுதிய கட்டுரையில், பிறர் உரிமையைத் தொடும் செயல் ஒன்றின் அடிப்படை நோக்கத்தைப் பகிரங்கமாகச் சொல்ல முடியாவிடின் அச்செயல் அநீதியானது என்று ஓர் உரைகல்லைத் தந்தார். அவ்வுரைகல்லில் இதனை உரைத்துப் பார்ப்போம். “எங்கள் நகரத்தின் குப்பையை உங்கள் வாசலிற் கொட்டுகின்றோம், ஏனெனில் உங்கள் குரல் எங்கள் சபைக்கு எட்டாது” என்று கொலன்னாவை மக்களின் முகத்துக்கு நேரே சொல்ல எவர் துணிவர்? சொல்ல முடியாததனாற்றான் ‘தற்காலிகம்’ என்ற சொல் தேவைப்பட்டது. நம் இலக்கியத்திலும் இதற்குச் சான்று தேடலாம். பாண்டியன் அவையில் நீதி கேட்ட கண்ணகி மதுரைக் குடியல்லள். புகாரிலிருந்து வந்து சில நாளே ஆனவள். அவள் பாண்டியனுக்கு இறை செலுத்தியதாக இளங்கோ எங்கும் எழுதவில்லை. அரசனின் தீர்ப்பு அவள் வாழ்விற் சென்று விழுந்தது என்பதைத் தவிர அவளுக்கு வேறு அருகதை எதுவும் தேவைப்படவில்லை.

இந்நாட்டைப் பொறுத்தவரையில் ‘பிரசை’ என்ற சொல்லுக்கே ஒரு துயர வரலாறு உண்டு என்பதையும் இங்கு மறந்துவிடலாகாது. கொழும்பு நகரின் வீதிகளைத் தலைமுறை தலைமுறையாகப் பெருக்கி, அதன் மலத்தையும் குப்பையையும் சுமந்த தொழிலாளருட் பலர் இந்திய வம்சாவளித் தமிழர். 1948 ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம், தோட்டத் தொழிலாளரோடு இத்தகையோரையும் நாடற்றவராக்கியது. அந்நிலை முற்றாக நீங்குவதற்கான சட்டம் 2003 இலேதான் வந்தது. இடைப்பட்ட காலமெல்லாம், அந்நகரத்தின் அழுக்கை எவரைக் காட்டிலும் நன்கறிந்த மனிதனுக்கு அந்நகரத்திற் கேட்கும் தகுதி இருக்கவில்லை. வரிப் பற்றுச்சீட்டை மாத்திரமன்றிப் பிரசாவுரிமைப் பத்திரத்தையும் உரிமையின் வேராகக் கொள்ள நான் தயங்குவதற்கு இதுவே காரணம்.

“கணக்குக் கேட்பதற்குத் தேர்தல் இருக்கின்றதே” என்பர் சிலர். நான்காண்டுக்கு ஒருமுறை மக்கள் தீர்ப்பளிக்கின்றனர், இடையிலே எதற்குத் தொல்லை என்பது அவர்களுடைய வாதம். மேடு சரிந்த 2017 இல் கொழும்பிலோ கொலன்னாவையிலோ தெரிவு செய்யப்பட்ட சபை இருக்கவில்லை என்பதை இவர்களுக்கு நினைவூட்டவேண்டும். முன்னைய சபைகளின் காலம் முடிந்தபின் தேர்தல் பின்போடப்பட்டுக்கொண்டே போய், 2018 பெப்ரவரியிலேதான் நடைபெற்றது. அடுத்த முறையும் அவ்வாறே: 2023 மார்ச்சிற் சபைகளின் காலம் முடிந்தது, பணமில்லை என்று தேர்தல் நிறுத்தப்பட்டது, அது மக்களின் அடிப்படை உரிமையை மீறிய செயல் என்று உயர் நீதிமன்றம் 2024 ஆகஸ்டில் தீர்ப்பளித்தது, வாக்களிப்பு 2025 மே மாதத்தில் நிகழ்ந்தது. இவ்விடைவெளிகளில் ஆணையாளரும் செயலாளரும் செலவு செய்துகொண்டிருந்தனர். வாக்குப் பெட்டிக்கு விடுமுறை உண்டு. காசோலைப் புத்தகத்துக்கு இல்லை.

வேறு சிலர், கணக்குப் பார்ப்பது சாமானியரின் வேலையன்று, கௌரவம் வாய்ந்த பெரியோர் சிலரிடம் அதனை ஒப்படைத்துவிடலாம் என்பர். நியூயோர்க் நகரம் இதனைச் செய்து பார்த்தது. வில்லியம் ட்வீட் என்பவரின் கும்பல் அந்நகரத்தை ஆண்ட காலத்தில், 250,000 டொலருக்குத் திட்டமிடப்பட்ட நீதிமன்றக் கட்டடம் ஒன்று ஒரு கோடி டொலருக்கும் மேல் விழுங்கியது. முறைப்பாடுகள் எழவே, 1870 இல், தேர்தலுக்குச் சற்று முன்னர், ஜோன் ஜேக்கப் அஸ்டரின் தலைமையில் நகரத்தின் பெருஞ் செல்வர் அறுவர் கணக்குகளைப் பார்வையிட்டனர். யாவும் செம்மையாக இருக்கின்றன என்று கையொப்பமிட்டுக் கொடுத்தனர். மறுவருடம் ஜூலையில் ‘நியூயோர்க் டைம்ஸ்’ பத்திரிகை அதே கணக்குகளின் பிரதிகளை வெளியிட்டபோது ஊரே திகைத்தது. ட்வீட் 1878 இற் சிறையிலே இறந்தார். அறுவரின் கையொப்பம் செய்ய முடியாததை அச்சுத்தாள் செய்தது. பெரியோர் பார்த்ததில் ஊர் பார்த்ததாகாது.

அக்கதையில் இன்னொரு படிப்பினையும் உண்டு. அப்பிரதிகளைப் பத்திரிகைக்குக் கொண்டுவந்தவருள் ஒருவரான ஜேம்ஸ் ஓபிரையன் தூய தியாகியல்லர். முன்னாள் ஷெரீப்பான அவர் நகரத்திடம் கேட்ட பெருந்தொகை ஒன்று கிடைக்காத கோபத்தில் இருந்தவர். நம்மூரிலாயின் அந்த ஒன்றே போதும்: “இவன் தனக்கு ஒப்பந்தங் கிடைக்காததாற் கத்துகின்றான்” என்ற வார்த்தையோடு குற்றச்சாட்டு மடிந்துவிடும். கேட்பவனின் உள்நோக்கத்தை ஆராய்வது, கேட்கப்படுபவனுக்கு எப்பொழுதும் வசதியான ஆராய்ச்சி. ஓபிரையனின் உள்ளம் அழுக்காயிருந்திருக்கலாம். அவர் கொண்டுவந்த இலக்கங்கள் மெய்யாயிருந்தன. 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவலுக்கான உரிமைச் சட்டம் இவ்வுண்மையை ஏற்றுக்கொண்டிருக்கின்றது. தகவல் கேட்பவர் எதற்காகக் கேட்கின்றேன் என்று காரணஞ் சொல்ல வேண்டியதில்லை என அது விதிக்கின்றது. என்னைக் கேட்டால், அச்சட்டத்தின் மிக நாகரிகமான வாசகம் அதுவே.

இனி, படிப்பறியாத மக்களுக்குக் கணக்கு விளங்குமா என்ற ஐயம். டில்லி மாநகரில் 2001 இல் தகவல் உரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்தபின், சுந்தர் நகரி என்னும் ஏழைக் குடியிருப்பில் ‘பரிவர்த்தன்’ என்ற அமைப்பினர் மாநகராட்சியின் வேலை ஒப்பந்தங்களின் பிரதிகளைப் பெற்றனர். தெருத் தெருவாகச் சென்று அவற்றை வாசித்துக் காட்டினர். 2002 டிசம்பரில் நடந்த பகிரங்க விசாரணையில் 68 வேலைகளின் விவரங்கள் படிக்கப்பட்டன. அவற்றின் மொத்தப் பெறுமதி சுமார் 1 கோடி 30 இலட்சம் ரூபா. அதிற் சுமார் 70 இலட்சம் ரூபாவுக்கு வேலையே நடக்கவில்லை என்று கணிக்கப்பட்டது. காகிதத்தில் யாவும் ஒழுங்காக இருந்தன: அளவுப் புத்தகம், பொறியியலாளரின் கையொப்பம், கொடுப்பனவு உத்தரவு. கைப்பம்பிகளுக்குப் பூட்டியதாக எழுதப்பட்ட மோட்டார்களும், வடிகால்களுக்கு இட்டதாக எழுதப்பட்ட இரும்புக் கிராதிகளும் எங்கே என்று கேட்டவர்கள், அக்கைப்பம்பியில் நாள்தோறும் நீர் இறைத்த பெண்களும், அவ்வடிகாலோரம் பிள்ளைகளை விளையாட விட்டவர்களுமே. கணக்காய்வாளர் காகிதத்தைக் காகிதத்தோடு ஒப்பிடுவார். காகிதத்தைத் தெருவோடு ஒப்பிடத் தெருவில் வாழ்பவராலேதான் முடியும். இவ்விடத்திற் கற்றவர் யார், கல்லாதவர் யார்? (அவ்வமைப்பைத் தொடங்கியவரான அரவிந்த் கெஜ்ரிவால் பின்னர் டில்லியின் முதலமைச்சரானார், அவருடைய அரசாங்கத்திடமும் மக்கள் கணக்குக் கேட்டனர். அதிற் குறைபட ஒன்றுமில்லை.)

இவ்வளவும் சொன்னபின், நல்லெண்ணமுடைய நண்பர்கள் எழுப்பும் தடை ஒன்று மிஞ்சுகின்றது. எதற்கெடுத்தாலும் கணக்குக் கேட்கும் சமூகத்தில் நம்பிக்கை என்ற பண்பே வற்றிவிடாதா? நேர்மையான உத்தியோகத்தன் கோவைகளுக்குப் பயந்து எவ்வேலையையும் தொடாமல் இருந்துவிடமாட்டானா? இத்தடையை நான் இலேசாகத் தள்ளிவிட விரும்பவில்லை. அவதூறு என்பது மெய்யான அபாயம். கேள்வி கேட்டுவிட்டு விடையை வாசியாமலே “திருடன்” என்று கூவுபவர் நம்மிடையே உண்டு; தமது சந்தேகத்துக்கு மாறான விடை வந்தால் அதனைப் பெட்டியிற் பூட்டிவைப்பவரும் உண்டு. கேட்பவனுக்கும் ஒரு கடமை இருக்கின்றது. சபையின்மீது பழி சுமத்தும் விடையை எவ்வளவு உரத்து வாசிப்பானோ, அதன் பழியைத் துடைக்கும் விடையையும் அவ்வளவு உரத்து வாசிக்க அவன் கடமைப்பட்டவன். ஆயின் நம்பிக்கை வற்றிவிடும் என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. வீட்டுச் செலவின் துண்டைக் கணவன் மனைவியிடம் காட்டுவது அவர்களிடையே நம்பிக்கை இல்லாததனாலா? காட்ட மறுக்கும் நாளிலேதான் அது குலையத் தொடங்குகின்றது. நேர்மையான எழுதுவினைஞன் ஒருவனுக்குப் பகிரங்கக் கணக்கைப் போற் காவல் வேறில்லை. மேலிடத்திலிருந்து ‘இதிற் கையொப்பமிடு’ என்று வரும் நெருக்குதலை, ‘நாளை இதனை மக்கள் வாசிப்பரே’ என்று அவன் தடுக்கலாம்.

எனக்கு உண்மையான கவலை வேறோர் இடத்தில் இருக்கின்றது. கேட்பதற்கு ஓய்வு வேண்டும். தகவல் உத்தியோகத்தர் முடிவு சொல்வதற்குச் சட்டம் கொடுத்திருப்பது 14 வேலைநாட்கள். மறுக்கப்பட்டால் மேன்முறையீடு, பின்னர் ஆணைக்குழு. ஓய்வூதியம் பெறும் கனவான் இவற்றுக்கெல்லாம் நடந்து திரியலாம். அவர் தம் ஒழுங்கையின் நடைபாதைக் கல்லைப் பற்றியும் பூங்காவின் வாங்கைப் பற்றியும் கேட்பார். நாட்கூலிக்காரி ஒரு நாள் கந்தோருக்குப் போனால் அன்றைய அடுப்பு எரியாது. ஆகவே உரிமை எல்லோருக்கும் ஒன்றாயிருந்தும், கேள்விகள் ஒரு வர்க்கத்திலிருந்தே எழும் நிலை உருவாகும். சபையும் அக்கேள்விகளுக்கு ஏற்பவே பணத்தைத் திருப்பும். கேட்கத் தெரிந்தவரின் தெரு மேலும் அழகாகும். எழுத முடியாதவர் வாய்மொழியாகக் கேட்டால் அதனை எழுத்தில் பதிவது உத்தியோகத்தரின் கடமை என்று சட்டம் சொல்கின்றது. நல்ல ஏற்பாடு. அதனைப் பயன்படுத்தச் சொல்லிக் கொடுப்பவர் யார்? சுந்தர் நகரியில் நடந்தது தனிமனிதரின் செயலன்று. ஒரு குடியிருப்பே கூடி இருந்து கேட்டது. நம்முடைய தொழிற்சங்கங்களும், மாதர் சங்கங்களும், வாசிகசாலைகளும், சனசமூக நிலையங்களும் சம்பளத்தையும் வாக்கையும் பற்றிப் பேசிய அளவிற் பத்திலொரு பங்கேனும் நகரசபையின் வரவு செலவுத் திட்டத்தைப் பற்றிப் பேசியதுண்டா? வாசிகசாலை மேசையில் அரசியற் கட்சிகளின் பத்திரிகைகள் எல்லாம் கிடக்கின்றன. அவ்வாசிகசாலைக்கே பணங் கொடுக்கும் சபையின் கணக்கு அங்கே கிடப்பதில்லை.

தகவலுக்கான உரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது 2017 பெப்ரவரி 3 ஆந் திகதி. மீதொட்டமுல்ல மேடு சரிந்ததற்குப் பத்து வாரங்களுக்கு முன்னர். எந்தப் பிரசையும் எந்தப் பகிரங்க அதிகாரசபையிடமும் கேட்கலாம் என்பது அதன் விதி. கொலன்னாவைப் பெண் கொழும்பு மாநகரசபையிடம் கேட்பதற்கு அன்று தடையேதும் இருக்கவில்லை. பற்றுச்சீட்டையும் சபை எல்லையையும் அச்சட்டம் கடந்து நின்றது. ஆனால் நெடுங்காலம் நடைமுறையில் இருந்த “நீர் எவ்வளவு வரி கட்டுகிறீர்?” என்ற கேள்வி பத்து வாரங்களில் ஒருவர் மனத்திலிருந்தும் அகன்றுவிடாது; கேட்பவர் மனத்திலிருந்துகூட.

சரிவுக்குப் பின்னர் கொழும்பின் குப்பைக்கு வேறிடம் தேடப்பட்டது. புத்தளம் மாவட்டத்தின் அருவக்காட்டில், சுண்ணக்கல் அகழ்ந்த நிலத்துக்கு, சுமார் 170 கிலோமீற்றர் தூரம் புகையிரதத்தில் அதனை அனுப்புந் திட்டம் முன்னெடுக்கப்பட்டது. 2018 இலும் 2019 இலும் புத்தளத்து மக்கள் வீதியில் இறங்கினர். இடம் எவ்வாறு தெரிவு செய்யப்பட்டது, நிலத்தடி நீருக்கு என்ன நேரும், எங்களை ஏன் முன்னரே கேட்கவில்லை என்று அவர்கள் வினவினர். கொழும்பின் குப்பையைப் பற்றிப் புத்தளத்தாருக்கு என்ன பேச்சு என்று கேட்டவர்களும் அப்பொழுது இருந்தனர்.